பழைய பேஸ் கிதாரைத் திறந்தால்

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநில நெடுஞ்சாலைத் துறையில் ஒரு கணக்கர் இருந்தார். பெயர் லியோ ஃபெண்டர். 1909-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே இடது கண் போய்க் கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டவர். கல்லூரியில் படித்தது கணக்கியல். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அந்த அரசு வேலை போயிற்று. பிறகு ஒரு டயர் கம்பெனியில் கணக்கு எழுதினார். ஆறு மாதத்தில் அதுவும் போயிற்று. 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். பின்னால் 1951-இல் எலக்ட்ரிக் பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்து, உலகத்து மேடைகளையெல்லாம் மாற்றியவர் இவர்தான். இத்தனைக்கும் அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது.

ஆயுள் முழுதும் கோப்பும் பேரேடுமாகக் காலம் தள்ளிய நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஆரம்பமே பிடிக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய வாழ்க்கை வரலாறு அல்ல. அவர் காலத்துப் பழைய பேஸ் கிதார் ஒன்றை இன்று திறந்து துடைத்துச் சரி செய்கிறவர்கள் அதற்குள் என்ன பார்க்கிறார்கள், எதைத் தொடக் கூடாது என்கிறார்கள் என்பதுதான்.

பேஸ் கிதார் என்றால் எது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இளையராஜா பாட்டைக் கேளுங்கள். பாடகர் குரலுக்கும் வயலினுக்கும் அடியில், தபலாவோடு ஒட்டிக்கொண்டு, தனியாக ஒரு பாட்டுப் பாடுவது போல ஒரு கனத்த ஒலி நடந்து போகும். அதுதான் பேஸ். நான்கே கம்பிகள். வாய்விட்டு முணுமுணுக்க மாட்டோம். ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும்.

எலக்ட்ரிக் பேஸுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது ஆள் உயர வயலின் போன்ற டபுள் பேஸ். பிரெஞ்சில் கோந்த்ரபாஸ் என்போம். அதன் வயிற்றுக்குள் மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே ஒரு சிறு மரக்குச்சி நிற்கும். கம்பியின் அதிர்வை மேலிருந்து கீழே கடத்துவது அந்தக் குச்சிதான். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஆம்'. நம் 'ஆம்' போலவே காதில் விழும், பொருள் ஆன்மா. அந்தக் குச்சி இடம் மாறினால் ஒலி மாறிவிடும். அதைச் சரி செய்யத் தெரிந்தவர் 'லூத்தியே', அதாவது இசைக்கருவித் தச்சர். கருவி கெட்டால் அவரைத் தேடிப் போக வேண்டும்.

டபுள் பேஸுக்கு வேறு தொல்லைகளும் இருந்தன. காரில் ஏற்ற முடியாது. தாளமும் ஊதுகுழலும் முழங்கும் நடன மேடையில் அதன் ஒலி எடுபடாது. கழுத்தில் மெட்டுகள் இல்லாததால் விரல் ஒரு நூல் தவறினாலும் சுருதி விலகும். சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 1930-களிலேயே மின்சார பேஸ் ஒன்று செய்து பார்த்தார், அது பரவவில்லை. ஃபெண்டர்தான் பரவுகிற மாதிரி செய்தார். வீணையில் இருப்பது போல மெட்டுகள் வைத்தார், 20 மெட்டு. கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். டபுள் பேஸில் அது ஏறக்குறைய 42 அங்குலம். மெட்டு இருப்பதால் சுருதி துல்லியமாக விழும் என்று 'பிரிசிஷன் பேஸ்' என்றே பெயரிட்டார்.

இதில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. ரேடியோ ரிப்பேர் செய்தவருக்கு எந்தப் பொருளும் ஒரு நாள் தன் மேசைக்குத் திரும்பி வரும் என்று தெரியும். அதனால் இந்தக் கருவியை ரேடியோப் பெட்டி போலவே கட்டினார். உள்ளே வெற்றிடம் இல்லை, கெட்டி மரம். பசை போட்டு ஒட்டிய கழுத்து இல்லை. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் கழுத்து கையோடு வந்துவிடும். முகப்புத் தகட்டை எடுத்தால் ஒயர், வால்யூம் குமிழ், ஈயப்பற்று எல்லாம் கண் முன்னால். ஆன்மா என்று சொல்ல ஒரு குச்சி கிடையாது. ஆனால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் திறக்கலாம். அறுபது எழுபது ஆண்டு ஆன பேஸ்கள் இன்றும் மேடையில் வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

பிரான்சில் ஒரு லூத்தியேயிடம் வேலை பழகும் என் தங்கை மகன் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்திருந்தபோது, அவர்கள் பட்டறைக்கு வந்த 1961-ஆம் வருடத்து பேஸ் ஒன்றின் படங்களைக் காட்டினான். கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டிய ஒவ்வொரு கட்டமும் படத்தில் இருந்தது. "பாருங்க மாமா, உங்க ஆபீஸ் ஃபைல் மாதிரியே இருக்கு" என்றான். பார்க்கப் பார்க்க அவன் சொன்னது சரி என்றே பட்டது.

கழுத்தைக் கழற்றியதும், மரத்துக்குள் மறைந்திருந்த அடிப்பகுதியில் பென்சிலால் மாதமும் வருடமும் எழுதியிருக்கிறது. 1962-க்குப் பிறகு வந்தவற்றில் பென்சிலுக்குப் பதில் ரப்பர் ஸ்டாம்ப். வால்யூம் குமிழின் அடியில் இருக்கும் உலோக டப்பாவில் ஏழு எண்கள் பொறித்திருக்கும். 3046112 என்று இருந்தால் 304 செய்த கம்பெனியின் எண், 61 வருடம், 12 அந்த வருடத்தின் பன்னிரண்டாவது வாரம். நம் கோப்பு எண் போலவே படிக்க வேண்டும். 1950-களின் சில கிதார்களில், குழிக்குள் ஒட்டிய காகித நாடாவில் அந்தக் கருவியைப் பூட்டிய பெண்ணின் பெயரும் தேதியும் இருக்கும்.

அந்தத் தொழிற்சாலையில் மெக்சிகோ வம்சாவளியினர் பலர் வேலை பார்த்தார்கள். கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பகுதிக்குப் பிக்கப் என்று பெயர். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். 1956-இல் வேலைக்குச் சேர்ந்த அபிகைல் இபாரா என்ற பெண்மணி இந்த வேலையில் பேரெடுத்து, 2013-இல்தான் ஓய்வு பெற்றார். அவர் கையால் சுற்றிய பிக்கப்பைத் தேடிக் கலைஞர்கள் அலைகிறார்கள்.

இப்போது துடைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 1961-இல் பூசிய மேல்பூச்சு நைட்ரோ செல்லுலோஸ் என்ற மெல்லிய லாக்கர். வயதானால் மஞ்சளிக்கும், நுண்ணிய வெடிப்பு விடும், கை படும் இடத்தில் தேயும். இதன் மேல் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். ரப்பர் பட்டுக்கொண்டே இருந்தால் இளகி ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் ஈரம் பிழிந்த மெல்லிய துணி. அதற்குப் போகாத பிசுக்குக்குச் சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தா கொஞ்சம். நெருப்பு எட்ட இருக்க வேண்டும். விரற்பலகை ஈட்டி மரம் என்றால், கழுவித் துடைத்த பின் ஒரு சொட்டு எண்ணெய் தடவலாம். லாக்கர் பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெய் வேண்டாம். அக்காலத்தில் அவர்கள் வாங்கியது பிரேசில் ஈட்டி. 1960-களின் பிற்பகுதியில் அது கிடைப்பது அரிதாகி, இந்திய ஈட்டி அந்த இடத்துக்கு வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்திதான் அது. கலிஃபோர்னியாக் கிதாரின் கழுத்தில் நம் காட்டு மரம்!

துரு பிடித்த ஸ்க்ரூவைத் துடைத்து, ஒரு துளி எண்ணெய் விட்டு, அதே ஓட்டையில் திரும்ப மாட்டுவதுதான் முறை. வால்யூம் குமிழ் கரகரத்தால் அதற்குரிய திரவத்தை உள்ளே பீய்ச்சிப் பத்துத் தடவை திருப்பினால் பெரும்பாலும் போதும். மாற்ற வேண்டியதில்லை. மாற்றினால் 3046112 என்ற எண்ணும் குப்பைக்குப் போகும்.

துடைத்த பிறகு சுருதிக்கும் விரலுக்கும் இசைவாக அமைக்க வேண்டும். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 80 கிலோ. ஒரு மூட்டை நெல்லைத் தொங்கவிட்ட மாதிரி. அதைத் தாங்கக் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி போகிறது. கிப்சன் கம்பெனியில் இருந்த தடியஸ் மெக்ஹியூ என்பவர் 1920-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற யோசனை அது. ஃபெண்டர் அதன் முனையைக் கழுத்தின் அடியில் வைத்தார். பழைய பேஸில் அதைத் திருகக் கழுத்தையே தளர்த்த வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது. கம்பியை முதல் மெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி வேண்டும். ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். அடுத்தது குதிரை. அதன் சிறு ஸ்க்ரூக்களால் கம்பியின் உயரத்தை அமைக்க வேண்டும். பதினேழாவது மெட்டின் மேல் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்பது வழக்கம்.

கடைசியில் சுருதி. பன்னிரண்டாவது மெட்டின் மேல் கம்பியை இலேசாகத் தொட்டு மீட்டும்போது வரும் ஒலியும், அதே மெட்டில் அழுத்தி மீட்டும்போது வரும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தும்போது சுருதி கூடினால் குதிரையைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பியை நீட்ட வேண்டும், குறைந்தால் முன்னுக்கு. 1951-இல் நான்கு கம்பிக்கும் சேர்த்து இரண்டே குதிரைத் துண்டுகள். ஒன்றைச் சரி செய்தால் பக்கத்துக் கம்பி கெடும். 1957-இல் கம்பிக்கு ஒன்றாக நான்கு ஆக்கினார்கள். குறையைக் கேட்டுத் திருத்தினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த அளவுகளும் வேதவாக்கு அல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் வாசித்தார். 1962-ஆம் வருடத்துப் பிரிசிஷன் பேஸ். கம்பிகளை உயரத் தூக்கி வைத்திருப்பார். மற்றவர்கள் அழுத்தக் கஷ்டப்படுவார்கள். அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்ற மாட்டார். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். பட்டறைக்காரர் யாராவது விதிப்படி 'சரி' செய்து கொடுத்திருந்தால், ஜேமர்சனின் ஒலியே போயிருக்கும்.

1960-கள் முழுவதும் அவர் வாசித்த பாட்டுகள் உலகெங்கும் விற்றன. தட்டின் உறையில் பாடியவர் பெயர் இருந்தது. பேஸ் வாசித்தவர் பெயர் இல்லை. 1971-இல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில்தான் ஜேமர்சனின் பெயரை முறையாக அச்சிட்டார்கள். 1983-இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னால் அந்தப் பேஸ் திருட்டுப் போயிற்று. அவர் கைக்கு அது திரும்பவில்லை. நம் ஊரில் மட்டும் என்ன? நாம் வாங்கிய கேசட்டின் அட்டையில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்கள் இருந்தன. அந்தக் கனத்த ஒலியை மீட்டிய விரல் யாருடையது என்று எத்தனை கேசட்டில் பார்த்திருக்கிறோம்?

அதனால்தான் துடைக்கிறவர் பொறுப்பு பெரியது என்கிறேன். 1970-களில் ஒரு நாகரிகம் கிளம்பியது. பழைய பூச்சையெல்லாம் சுரண்டி, வெறும் மரம் தெரிய மெருகேற்றுவது. பார்க்கப் புதிதாக இருந்தது. அத்தனை ஆண்டு விரலும் முழங்கையும் தேய்த்த தடம் அன்றோடு முடிந்தது. இன்று அப்படிச் சுரண்டிய பேஸுக்குச் சந்தையில் விலையும் மிகக் குறைவு.

கோப்பில் இரண்டு வகை அழுக்கு உண்டு. மேலே படிந்த தூசி, அதைத் தட்டலாம். ஓரத்தில் பழைய எழுத்தர் பென்சிலால் எழுதிவிட்டுப் போன குறிப்பு. புதிதாக வந்த அதிகாரிக்கு அதுவும் அழுக்காகத்தான் தெரியும். ஆனால் யார் எப்போது என்ன செய்தார் என்பதற்கு அந்தக் குறிப்பு ஒன்றுதான் சாட்சி. லியோ ஃபெண்டர் 1965-இல் தன் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றார். அவர் பெயர் கருவியின் தலையில் பெரிதாக இன்றும் இருக்கிறது. கழுத்தைச் செதுக்கியவர், பிக்கப் சுற்றியவர், ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தவர், இவர்கள் இருந்ததற்கு அடையாளம் நான்கு ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் அந்தப் பென்சில் கோடும் நாடாத் துண்டும்தான்.

அந்த லூத்தியே கழுத்தைத் திரும்பப் பூட்டுவதற்கு முன்னால், பென்சில் தேதியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாராம். அதன் மேல் துணியே படவில்லை என்றான் பையன்.