தொழிலகக் கேட்வே: மோட்பஸ் – புரோஃபிபஸ்

வெவ்வேறு நெறிமுறைகளில் இயங்கும் இரண்டு தொழிலக வலையமைப்புகளுக்கு இடையே தரவை மாற்றித் தரும் கருவி கேட்வே. அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் இயந்திரங்களை இயக்கும் நிரல்படு கட்டுப்பாட்டுக் கருவிகளான தன் பிஎல்சிகளுக்காக 1979-இல் மோட்பஸ் நெறிமுறையை வெளியிட்டது. எளிமையாலும், விதிகள் எல்லோருக்கும் திறந்திருந்ததாலும் மின்மானி, டிரைவ், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி என எங்கும் அது பரவியது. ஜெர்மனியில் 1987-இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தில் புரோஃபிபஸ் உருவானது; அதன் வேகமான டிபி வகை 1993-இல் வந்தது. இத்தகைய வலையமைப்புகளுக்கு உலகெங்கும் ஒரே தரம் வேண்டும் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசியில் நடந்த நீண்ட இழுபறி, 2000 வாக்கில் ஒன்றோடொன்று ஒவ்வாத எட்டு நெறிமுறை வகைகளையும் ஒரே தரத்துக்குள் சேர்த்ததோடு ஓய்ந்தது. கேட்வேயின் தேவை அதனால் நீங்கவில்லை, நிலைபெற்றது.

அமைக்கும்போது புரோஃபிபஸ் பக்கம் கேட்வே, கேட்டால் பதில் தரும் ஒரு ஸ்லேவ்; அதன் பண்புகளை விவரிக்கும் ஜிஎஸ்டி கோப்பைப் பிஎல்சி மென்பொருளில் ஏற்ற வேண்டும். மோட்பஸ் பக்கம் அதுவே கேள்வி கேட்கும் மாஸ்டர்: எந்த ஸ்லேவிடம், எந்த ஃபங்ஷன் கோடில், எந்த ரெஜிஸ்டரிலிருந்து எத்தனை படிப்பது என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான். கையேட்டில் 40108 என்றிருப்பது கம்பியில் 107 என்றே போகும். 25.0 என்ற தசம எண் 16840, 0 என இரண்டு ரெஜிஸ்டர்களில் வரும். வரிசை மாறினால் திரையில் 0.0 தெரியும். கருவியும் கம்பியும் சரியாக இருக்க, கோளாறு தேடி ஒரு நாள் போய்விடும்.

அதைவிட ஆபத்தானது வேக வேறுபாடு. மோட்பஸ் பெரும்பாலும் நொடிக்கு 9600 பிட்டில் ஓடும். புரோஃபிபஸ் டிபி 1.2 கோடி பிட் வரை போகும். இடையே கேட்வேயின் நினைவகம் நிற்கிறது. மோட்பஸ் கம்பி அறுந்தாலும் அந்த நினைவகத்தில் உள்ள பழைய மதிப்பைப் பிஎல்சி ஒவ்வொரு சுற்றிலும் படித்துக்கொண்டே இருக்கும். கொதிகலன் சூடேறிக்கொண்டிருக்க, திரையில் வெப்பநிலை அசையாமல் நிற்கும். ஸ்லேவிடமிருந்து பதில் வராமல் டைம்அவுட் ஆனால் மதிப்பை அப்படியே வைப்பதா, பூஜ்யமாக்குவதா என்ற தேர்வு பல கேட்வேகளில் உண்டு. பூஜ்யமும் உண்மையான அளவீடாக இருக்கக்கூடும் என்பதால் அது மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்லேவின் தொடர்பு நிலையையும் தனி ஸ்டேட்டஸ் பிட்டாகப் பிஎல்சிக்கு அனுப்பி, அது விழுந்ததும் அலாரம் அடிக்கும்படி நிரல் எழுத வேண்டும்.