கொம்பு முன்னே நின்ற காலம்

சிம்மக்கல்லில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், வைகைக்கரை ஊர்களில் தாம் திரட்டிய ஒப்பாரிப் பாடல்களை 2001இல் தட்டெழுதி ஒரு பிளாப்பியில் வைத்திருந்தார். கையெழுத்துப் படியைக் கரையான் தின்றுவிட்டது. பாடிய மூதாட்டிகளும் இன்றில்லை. சென்ற ஆண்டு அந்தப் பிளாப்பியை என்னிடம் கொடுத்தார்.

இன்றைய மடிக்கணினியில் அதைச் செருக இடமே இல்லை. என் வீட்டுப் பரணில் 64 எம்.பி. நினைவகம் கொண்ட பென்டியம் பெட்டி ஒன்று கிடந்தது. அதிலிருந்த விண்டோஸ் 98 எழவில்லை. எனவே 2005 ஜூனில் வெளியான டெபியன் 3.1 லினக்ஸை நிறுவினேன். எளிய கணினி லினக்ஸுக்குப் புதிதன்று. 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸின் போக்கில், தம் 386 கணினிக்காக எழுதியதுதான் அது. 1985இல் வந்த அந்தச் சில்லுக்கான ஆதரவை நீக்க 2012 டிசம்பரில்தான் முடிவாயிற்று.

பிளாப்பி திறந்தது. ஆனால் உள்ளே இருந்தது திஸ்கி. ஒருங்குறி பரவுமுன் இணையத் தமிழர் கூடி வகுத்த குறியேற்றம் அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பலவும் அதில்தான் வலம்வந்தன. திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், கடைசியில் கால். ஒருங்குறியிலோ ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே. ஆகவே மாற்றும் நிரல், கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த மெய்க்காகக் காத்திருக்க வேண்டும். (புள்ளியில்லாத ஏட்டில் குறிலா நெடிலா என்று தடுமாறிய பதிப்பாசிரியர்களை நினைத்துக்கொண்டேன்.)

இந்த வேலையைச் செய்யும் பகுதி, 2002 முதல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிலேயே இருக்கிறது. புரூனோ ஹைபிள் எழுதியது. 'ஐகான்வ்' என்ற ஒரே கட்டளை போதும். அது எழுதித் தரும் யூ.டி.எஃப்-8 வடிவத்தை 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து வகுத்தவர், யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்சன். திஸ்கியில் 3 பைட்டுக்குள் அடங்கிய 'கொ', அதில் 6 பைட்டாகிறது.

விந்தை என்னவெனில், பழைய பெட்டியின் திரையில் ஓர் எழுத்தைக்கூடத் தமிழில் பார்க்க முடியவில்லை. லினக்ஸின் எழுத்துத்திரை ஒரே அகலக் கட்டங்களில், அதிகம் போனால் 512 வடிவங்களைத்தான் காட்டும். ணகரமும் ஞகரமும் அதில் நெருக்குண்டுபோகும். கண்ணைக் கட்டிக்கொண்டு மாற்றி, வலையட்டை வழியே மடிக்கணினிக்கு அனுப்பிய பிறகே படித்தேன்.

வட்டில் ஓரிடம் படிக்க வரவில்லை. அந்தப் பாட்டின் நடுவே சில அடிகள் இல்லை. ஆசிரியரிடம் அச்சிட்டுக் கொடுத்தேன். வெற்றிடத்தில் விரலை வைத்தபடி வெகுநேரம் முணுமுணுத்துப் பார்த்தார். இரண்டடி நினைவுக்கு வந்தது.