டீட்டன் அடிவாரம்: தனியார் கொடையில் வளர்ந்த தேசியப் பூங்கா

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள பள்ளத்தாக்கு ஜாக்சன் ஹோல். நடுவே ஸ்னேக் ஆறு ஓடுகிறது. கோடையில் மலைகளில் மேயும் எல்க் மான்கள் பனிக்காலத்தில் இறங்கி வருவது இங்கேதான். 1872இல் வடக்கே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைந்தபோது இப்பள்ளத்தாக்கு அதில் சேரவில்லை. பின்னர் அரசு அளித்த நிலங்களில் குடியேறியவர்கள் மாடு வளர்த்தார்கள். நீண்ட குளிர்காலம் வேளாண்மைக்கு இடம் கொடுக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் மாட்டு விலை சரிந்தது. பலர் கடனாளி ஆகி, நிலத்தை விற்க ஆள் தேடினர்.

1926 கோடையில் எண்ணெய்ச் செல்வர் ஜான் டி. ராக்பெல்லரின் மகன் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் குடும்பத்துடன் இங்கு வந்தார். யெல்லோஸ்டோன் கண்காணிப்பாளர் ஹொரேஸ் ஆல்பிரைட் உடன் சென்று பள்ளத்தாக்கைச் சுற்றிக் காட்டினார். வழியெங்கும் விளம்பரப் பலகைகள், பெட்ரோல் பங்குகள், ஜென்னி ஏரியருகே ஒரு நடனக் கொட்டகை என மலைக்காட்சியை மறைத்தபடி கட்டடங்கள் முளைத்திருந்தன. பள்ளத்தாக்கின் தனியார் நிலங்களை வாங்கி அரசுக்குக் கொடுத்துவிடுவது என்று ராக்பெல்லர் முடிவு செய்தார்.

வாங்குபவர் யார் என்று தெரிந்தால் விலை எகிறும். எனவே 1927இல் ஸ்னேக் ரிவர் லேண்ட் கம்பெனி என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. கிரயம் பேசிய உள்ளூர் வங்கியாளர் ராபர்ட் மில்லருக்கே பின்னணியில் இருந்தவர் பெயர் சொல்லப்படவில்லை. மில்லர் பூங்கா விரிவாக்கத்தை எதிர்த்தவர். ஏறத்தாழ 35,000 ஏக்கர், சுமார் 14 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இதற்கிடையே 1929இல் நாடாளுமன்றம் டீட்டன் சிகரங்களையும் அடிவார ஏரிகளையும் மட்டும் தேசியப் பூங்காவாக்கியது. சமவெளி வெளியே நின்றது.

1930இல் உண்மை வெளிவந்ததும் ஊர் கொந்தளித்தது. ஏமாற்றி வாங்கினார்கள் என்ற புகாரை 1933இல் செனட் குழு ஜாக்சனில் விசாரித்தது. நிறுவனம் குற்றமற்றது என்று முடிவானது. ஆனால் ஊராரின் சந்தேகம் தீரவில்லை. மேய்ச்சல் உரிமை போய்விடும், நிலம் அரசுக்குப் போனால் சொத்து வரி வருவாய் நின்றுவிடும் என்ற அச்சங்களும் சேர்ந்துகொண்டன. வயோமிங் உறுப்பினர்களின் எதிர்ப்பால், கொடையை ஏற்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

பதினைந்து ஆண்டுகள் காத்திருந்த ராக்பெல்லர், அரசு ஏற்காவிட்டால் நிலத்தை வேறு வழியில் கைகழுவ வேண்டிவரும் என்று 1942இல் எழுதினார். 1943 மார்ச்சில் அதிபர் ரூஸ்வெல்ட், நாடாளுமன்றத்தைக் கேளாமல் தம் அதிகாரத்தால் 2,21,000 ஏக்கரை ஜாக்சன் ஹோல் தேசிய நினைவிடம் என்னும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே மத்திய அரசுக்குச் சொந்தமானது. எதிர்ப்பாக மே மாதம் பண்ணையாளர்கள் துப்பாக்கியோடு குதிரையேறி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாடுகளை நினைவிட எல்லைக்குள் ஓட்டிச் சென்றனர். நடிகர் வாலஸ் பீரியும் அதில் இருந்தார். நினைவிடத்தை ஒழிக்க 1944இல் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ரூஸ்வெல்ட் ஒப்புதல் தரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுற்றுலா பெருகி, பூங்காவால் பிழைப்பு நடக்கும் என்று தெரிந்ததும் எதிர்ப்பு தணிந்தது. 1949 டிசம்பரில் ராக்பெல்லரின் நிலம் அரசுக்குத் தானமானது. 1950 செப்டம்பர் 14 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம் பழைய பூங்காவையும் நினைவிடத்தையும் ஒன்றாக்கியது. பழைய மேய்ச்சல் உரிமைகள் குறிப்பிட்ட காலம் வரை காக்கப்பட்டன. வரி இழப்புக்கு ஈடு தரப்பட்டது. எல்க் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேட்டை அனுமதிக்கப்பட்டது. நாடாளுமன்ற ஒப்புதலின்றி வயோமிங்கில் எந்த அதிபரும் புதிய நினைவிடம் அறிவிக்க முடியாது என்ற விதியும் சேர்ந்தது. நிலத்தை வாங்கச் சில ஆண்டுகள் போதுமாயிருந்தது. ஊரின் இணக்கத்தைப் பெற இருபது ஆண்டுகளும் இத்தனை விட்டுக்கொடுப்புகளும் தேவைப்பட்டன.

காப்பாற்றிய நிலம் பின்னர் பாடசாலையும் ஆனது. 1967இல் ஜாக்சன் உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர் டெட் மேஜர் டீட்டன் சயின்ஸ் ஸ்கூலைத் தொடங்கினார். மாணவர்கள் ஆற்றங்கரையிலும் பனியிலும் நேரில் பார்த்துக் கற்கும் களப்பள்ளி அது. ராக்பெல்லர் குடும்பம் தன் வசம் வைத்திருந்த ஜே.ஒய். பண்ணையில் 1,106 ஏக்கரை ராக்பெல்லர் ஜூனியரின் மகன் லாரன்ஸ் பூங்காவுக்கு அளித்தார். பண்ணைக் கட்டடங்கள் அகற்றப்பட்டு, 2008இல் அங்கே ஒரு விளக்க மையம் திறக்கப்பட்டது. அதில் ஓர் அறை இயற்கையின் ஒலிகளைக் கேட்பதற்கென்றே உள்ளது. கூட்டம் சேராதபடி, கார் நிறுத்துமிடம் ஏறத்தாழ ஐம்பது வண்டிகளோடு நிறுத்தப்பட்டது.

பூங்காவுக்குள் எஞ்சியிருந்த மாநில அரசு நிலங்களையும் கொடைப் பணமே மீட்க உதவியது. ஆன்டிலோப் பிளாட்ஸில் 640 ஏக்கர் 2016இல் 4.6 கோடி டாலருக்கு வாங்கப்பட்டது. பாதி தனியார் நன்கொடை. கெல்லி பகுதியின் 640 ஏக்கர் 2024 டிசம்பரில் 10 கோடி டாலருக்குக் கிடைத்தது, அதில் 3.76 கோடி நன்கொடை. இம்முறை ரகசியம் இல்லை: விலையைச் சட்டமன்றம் நிர்ணயித்தது, மக்கள் கருத்துக் கூறினர், விற்ற பணம் மாநிலப் பள்ளி நிதிக்குச் சேர்ந்தது.