பழுதான சத்தத்தின் கதை

றொக் பாட்டுக் கேட்கிற எல்லாருக்கும் அந்தக் கரகரத்த கிற்றார்ச் சத்தம் தெரியும். கோபம், திமிர், அடங்காத வயசு எண்டு அதுக்கு அர்த்தம் வைத்திருக்கிறோம். ஆனால் அது பிறந்தது கோபத்தில் இல்லை, பழுதில்.

1930களின் ஜாஸ் குழுக்களில் கிற்றார் ஒரு பாவப்பட்ட வாத்தியம். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊதத் தொடங்கினால் அது காதிலேயே விழாது. பொரிக்கிற தாச்சி மாதிரி இருந்ததால் 'ஃப்ரையிங் பான்' எண்டு பட்டப்பெயர் பெற்ற மின்கிற்றார் 1932இல் விற்பனைக்கு வந்தது. கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்சாரமாக்கும், அம்ப்ளிஃபையர் அதைப் பெருப்பிக்கும். அம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் ஒலி கரகரக்கும். பொறியியலாளருக்கு அது குறை. அதை ஒழிக்கத்தான் பாடுபட்டார்கள்.

லிங்க் ரே என்ற கலைஞர் அந்தக் குறையையே தேடிப் போனார். பென்சிலால் ஸ்பீக்கரைக் குத்தி ஓட்டை போட்டார். 1958இல் வந்த அவரது 'ரம்பிள்' வெறும் வாத்திய இசை. தலைப்புக்குத் தெருச்சண்டை என்று ஒரு பொருள் இருந்ததால் சில அமெரிக்க வானொலிகள் அதை ஒலிபரப்ப மறுத்தன. யோசிச்சுப் பாருங்கோ, ஒரு சொல்கூட இல்லாத பாட்டுக்குத் தடை!

அடுத்தது நாஷ்வில். ஒரு கன்ட்ரி பாட்டின் ஒலிப்பதிவில் மிக்சரின் ஒரு பகுதி பழுதாகி, பேஸ் கிற்றார் கரகரத்தது. அதைத் தூக்கி எறியாமல் விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஒரு சுற்றாகவே வடிவமைத்தார். 1962இல் கிப்சன் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' எண்டு சந்தைக்கு விட்டது. இதில் எனக்குப் பிடிச்ச பகுதி விளம்பரம்தான்: கிற்றாரை ட்ரம்பெட் போலவும் டியூபா போலவும் ஒலிக்க வைக்கலாமாம்! கலகம் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பெரிசாக விற்கவும் இல்லை.

1965இல் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் அதை மிதித்தார். அவரும் பிறகு ஊதுவாத்தியங்கள் வாசிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு மாதிரியாகத்தான் அதை நினைத்தார். ஆனால் பதிவு அப்படியே வெளியானது. இளையவர்களின் காதில் அது ட்ரம்பெட்டாக விழவில்லை, எரிச்சலாக விழுந்தது. கடைகளில் ஃபஸ்-டோன் தீர்ந்துபோனது.

1969இல் வியட்நாம் போர் நடக்கும்போது, முன்பு பரசூட் படையில் இருந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வூட்ஸ்டாக்கில் அமெரிக்கத் தேசிய கீதத்தைக் கிற்றாரில் வாசித்தார். குண்டு விழுகிற சத்தம் கேட்குது என்று பலர் சொன்னார்கள்.

இப்ப அதே பழுதைக் கைத்தொலைபேசிச் செயலி கணக்குப் போட்டு உண்டாக்குது. எந்த ஆண்டின் அம்ப்ளிஃபையர் எவ்வளவு கரகரக்க வேண்டும் எண்டு விரலால் தெரிவு செய்யலாம். ஹெட்ஃபோனைப் போட்டால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.