யுத்தகாலப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் மட்டக்களப்பு நெல்லும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெரு, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தின் வழியே செல்கின்றது. அத்தெருவிலே குருக்கள்மடம் உளது. அதன் மேற்கே வாவி. வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறை. இத்தகைய துறைகளில் இரு கரைகளையும் இணைக்கும் மிதவையை அப்பகுதி மக்கள் 'பாதை' என்றே வழங்குவர். நீரிற் செல்லும் கலத்துக்குப் பாதை என்னும் பெயர் அமைந்தமையே அந்நிலத்தின் இயல்பை உணர்த்தப் போதியது. எழுவான்கரையிற் குடியிருப்போர் பலருக்குப் படுவான்கரையில் வயல் உண்டு. விளைந்த நெல் வாவியைக் கடந்தே வீடு சேரும். நெல்லின் நடமாட்டத்தின்மீது அரசாங்கம் கைவைத்தபோது இம்மக்களின் அன்றாட வாழ்வில் அது எவ்வாறு தொட்டிருக்கும் என்பதை இவ்வமைப்பைக் கொண்டே அறியலாம்.

1939ஆம் ஆண்டு செப்டெம்பரில் யுத்தம் மூண்டதும், பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய அவசரகாலப் பாதுகாப்புச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் விரிக்கப்பட்டது. இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் அன்ட்ரூ கல்டிக்கொற் பாதுகாப்புப் பிரமாணங்களை விதிக்கும் அதிகாரம் பெற்றார். எனினும் 1942ஆம் ஆண்டே அவ்வதிகாரம் முழுவன்மையோடு வெளிப்பட்ட ஆண்டாகும். பெப்ருவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் இரங்கூன் வீழ்ந்தது. அதே மார்ச்சில் அட்மிரல் சேர் ஜெப்ரி லேய்ற்றன் இலங்கையின் பிரதம தளபதியாக நியமிக்கப்பட்டார். படைத்துறை மட்டுமன்றிச் சிவில் நிருவாகமும் அவர் ஆணைக்கு உட்பட்டது.

துறைமுகங்களின்மீது விதிக்கப்பட்ட ஆணைகள் எத்துணை ஆபத்தோடு பிணைந்திருந்தன என்பதை மட்டக்களப்புக் கடலே கண்டது. யப்பானியக் கடற்படை அணுகுவதை அறிந்து, ஏப்பிரில் 8ஆந் திகதி இரவு திருக்கோணமலைத் துறைமுகத்தை விட்டுக் கப்பல்கள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டது. அவ்வாறு தெற்கு நோக்கிச் சென்ற 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலும், துணைசென்ற 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மறுநாட் காலை மட்டக்களப்புக்கு அப்பாற் குண்டுவீச்சுக்கு இலக்காகி மூழ்கின. ஹேர்மிஸிற் சென்றோருள் முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலில் தத்தளித்தோர் பலரை 'வீற்றா' என்னும் வைத்தியக் கப்பல் காப்பாற்றிற்று.

ஆயினும் பீரங்கியைக் காட்டிலும் அரிசியே மக்களை நீண்டகாலம் வருத்திற்று. யுத்தத்துக்கு முன் இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. இரங்கூன் வீழவே அவ்வழி அடைபட்டது. அரிசிப் பங்கீடு அமுலாயிற்று. கோதுமை மாவைத் தொட்டறியாத வீடுகளிலும் அது புகுந்தது. அரிசி மிகுதியாக விளைந்த மாவட்டங்களுள் மட்டக்களப்பு ஒன்று. 1961இற் பிரிந்த அம்பாறையும் அக்காலத்தில் அதனுள் அடங்கியிருந்தது. உள்நாட்டுக் கொள்வனவுத் திட்டத்தின்படி, வித்துக்கும் வீட்டுத் தேவைக்கும் ஒதுக்கியதுபோக எஞ்சிய நெல்லை அரசு குறித்த விலைக்கு அரசுக்கே விற்றல் வேண்டும். பற்றாக்குறையுள்ள ஊர்களிற் கள்ளச்சந்தை விலை அதனினும் மிக்கிருந்தது. நெல்லைத் தடையின்றிக் கொண்டுசெல்ல விட்டால் அரசின் களஞ்சியத்துக்கு ஒரு மூடையும் வந்து சேராது. ஆகவே விலையைக் கட்டுப்படுத்த விரும்பிய அரசு தெருவையும் கட்டுப்படுத்த நேர்ந்தது. உத்தரவுச் சீட்டின்றி நெல்லை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வது குற்றமாயிற்று. போடியாருக்கு இது பணநட்டம். கூலியை நெல்லாகவே பெற்ற ஏழைக்கோ, தன் உழைப்பைத் தானே சுமந்துசெல்லும் உரிமைபற்றிய வினா.

கொள்வனவு செய்த நெல்லை அனுப்புவதும் எளிதன்று. மட்டக்களப்புப் புகையிரதப் பாதை 1928இல் திறக்கப்பட்டது. அது நகரத்தோடு முடிவடைகின்றது. தென்பாலுள்ள எழுவான்கரை ஊர்களிலிருந்து நெல் கல்லடிப் பாலத்தைத் தாண்டியே புகையிரத நிலையத்தை அடையவேண்டும். திருக்கோணமலைக்குச் செல்லும் கரையோரத் தெருவோ பல துறைகளால் அறுபட்டுக் கிடந்தது. பெற்றோலும் ரயரும் பங்கீட்டுப் பொருள்களாயின. மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளுக்கு றப்பர் வழங்கிய முதன்மையான நாடு இலங்கையே. அந்நாட்டு லொறிகளுக்கு ரயர் கிடைக்கவில்லை என்பது விந்தை. றப்பர் இங்கே, தொழிற்சாலை பிறநாட்டிலே!

இக்கட்டுப்பாடுகள் வீண் கொடுமை எனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. அதே ஆண்டில் வங்காளத்தில் நிகழ்ந்ததை ஒப்பிட்டால் இது விளங்கும். யப்பானியர் கையிற் சிக்கலாகாது என்று, பதின்மருக்கு மேற் கொள்ளும் தோணிகளை அங்குள்ள அரசு கரையோர மாவட்டங்களிலிருந்து அகற்றிற்று. பதிவுபெற்ற 66,500 அளவினவற்றுள் ஏறத்தாழ 46,000 தோணிகள் பயனற்றுப் போயின. ஆற்றுவழியன்றி வேறு வழியில்லாத நாட்டிலே நெல்லும் நகரவில்லை, மீனும் நகரவில்லை. 1943இன் பெரும்பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணமென்பர். வங்காளத்தார் வழியை அழித்தனர். இலங்கையார் வழியைக் காவல்செய்து, வந்ததைப் பங்கிட்டனர். இங்கே இடர் உண்டு, இன்னல் உண்டு. பஞ்சச் சாவு அவ்வாறு பரவவில்லை. அக்காவலின் சுமை விளைவித்தவன் தோளிலேயே மிகுதியும் அழுந்திற்று என்பதும் உண்மை.

யுத்தம் 1945இல் முடிந்தது. யுத்தகாலச் சட்டங்கள் அதனோடு முடியவில்லை. ஒவ்வொரு பஸ் வழிக்கும் தனி உரிமம் வழங்கிய 1942ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கொம்பனிகளின் ஆட்சியாக வளர்ந்து, 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாகும்வரை நிலைத்தது. உணவுக் கட்டுப்பாடு 1950ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமாக மறுபிறவி எடுத்தது. 1970ஐ அடுத்த ஆண்டுகளில், அந்நியச் செலாவணி முட்டுப்பட்டபோது, தெருத்தடைகளிற் பஸ்களை நிறுத்திப் பயணிகளின் பைகளில் அரிசி தேடப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியபின்னரே அத்தடைகள் நீங்கின.