ஐன் சோஃப்

யூத மறைஞான மரபாகிய கபாலாவில், மனித அறிவுக்கு எட்டாத நிலையிலுள்ள இறைவனைக் குறிக்கும் பெயர். ‘முடிவற்றது’ என்று பொருள். இறைவன் வெளிப்படும் பத்து நிலைகளாகிய செஃபிரோத்தைத் தியானிக்கலாம், பெயரிட்டு அழைக்கலாம். அவற்றுக்கு மூலமான ஐன் சோஃபைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்பது கபாலா அறிஞர் பெரும்பாலோரின் கொள்கை.

மறைபொருளை ஆராய வரம்பு கட்டும் வழக்கம் இப்பெயரினும் பழையது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலாகிய மிஷ்னா, எசேக்கியேல் கண்ட தேர்க் காட்சியை, தானே உய்த்துணர வல்லவனுக்கன்றி ஒரு மாணவனுக்குக்கூட விளக்கலாகாது என்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ், இறைவன் இன்னதல்லன் என்று மட்டுமே கூற முடியும் என வாதிட்டார்.

13-ஆம் நூற்றாண்டுப் புரொவான்சில் வாழ்ந்த பார்வையற்ற ஈசாக், எண்ணம் எட்டாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். ஐன் சோஃப் என்பதை அவர் தனிப்பெயராகவே ஆண்டாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கெரோனா நகரத்து அஸ்ரியேல், ஐயம் எழுப்புவோருக்கு விடை கூறும் முறையில் செஃபிரோத்தை விளக்கி நூல் எழுதினார். ஆசிரியர் பெயர் தெரியாத ‘மாரேகெத் ஹாஎலோஹுத்’ என்னும் நூல், ஐன் சோஃப் பற்றித் தோராவிலோ தீர்க்கதரிசிகளின் நூல்களிலோ பண்டைய ரபிகளின் வாக்கிலோ குறிப்பே இல்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. 1280-களில் காஸ்டீலில் பரவத் தொடங்கிய ஸோஹரை, மரபினர் 2-ஆம் நூற்றாண்டின் ஷிமோன் பார் யோகாயுடையது என்பர். ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலெம், அதைக் காஸ்டீலின் கபாலா அறிஞர் மோசே தெ லெயோன் எழுதியது என்றார். ஒரு குழுவின் ஆக்கம் என்பார் மற்றோர் ஆய்வாளர் யெஹூதா லீபெஸ்.

அறிய முடியாதவரிடம் வேண்டுவது எப்படி என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. ரிவாஷ் எனப்படும் ரபி ஈசாக் பென் ஷேஷெத் (1326–1408), தம்மிடம் வந்த கேள்விகளுக்கு எழுதிய மறுமொழிகளில் 157-ஆவதில், கிறிஸ்தவர் மூவரை நம்புவதுபோல் கபாலாவினர் பத்துப் பேரை நம்புகின்றனர் என்ற ஏளனத்தைப் பதிவு செய்கிறார். இதற்குக் கபாலா அறிஞர் யோசேப் இப்னு ஷுஷான் அவரிடம் கூறிய விளக்கம்: நீதி வேண்டுவோன் அரசனிடமே முறையிடுகிறான், ஆணை நீதி அமைச்சருக்குப் போகட்டும் என்று கேட்கிறான், பொருளாளருக்கு அன்று; அதுபோல வேண்டுதல் இறைவனிடமே, செஃபிரோத் அவர் அமைச்சர் போன்றவை. ரிவாஷ் இதைப் பாராட்டினாலும், இந்தச் சுற்றுவழி எதற்கு என்று கேட்கிறார். சினோன் ஊர்த் தல்மூத் அறிஞர் சிம்சோன், கபாலாவைக் கற்ற பின்னும் ஒரு குழந்தையின் மனத்தோடே தாம் வேண்டுவதாகக் கூறியதையும் ரிவாஷ் தம் ஆசிரியர் வழியே கேட்டு எழுதிவைத்துள்ளார். பிற்காலத் தத்துவ நூல்கள் பலவற்றைவிட இச்சிறு மறுமொழி சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது.

முதற் செஃபிராவாகிய கேத்தெரும் ஐன் சோஃபும் ஒன்றே என்றோர் உண்டு. சஃபேதில் மோசே கொர்தோவெரோ, 1548-இல் முடித்த ‘பர்தேஸ் ரிமோனீம்’ நூலில் இதை மறுத்தார். அதே ஊரில் போதித்த ஈசாக் லூரியா (இ. 1572), உலகுக்கு இடமளிக்க ஐன் சோஃப் தன்னைச் சுருக்கிக்கொண்டது என்றார். இதை நேர்ப்பொருளில் கொள்வதா, உருவகமாகக் கொள்வதா என்ற வழக்கு 18-ஆம் நூற்றாண்டிலும் தீரவில்லை. மறைபொருளைக் கற்க வரம்பு கட்டும் வழக்கமும் தொடர்ந்தது: 1756-இல் புரோடியில் கூடிய ரபிகள், ஸோஹரை 30 வயதுக்கு முன்பும் லூரியாவின் போதனைகளை 40 வயதுக்கு முன்பும் கற்கத் தடை விதித்தனர்.

20-ஆம் நூற்றாண்டில் ஷோலெமின் ஆய்வுகளால் இத்துறை பல்கலைக்கழகப் பாடமாயிற்று. அவர் முடிவுகள் சிலவற்றை ஆய்வாளர் மோஷே இதெல் 1988-இல் வெளியிட்ட நூலில் மறுத்துள்ளார்.