தாங்காவில் கொட்டிய தேனீக்கள்

பனைமரத்தில் கதண்டு கூடு கட்டிவிட்டால், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் தீயணைப்பு வண்டி வரும்வரை அந்த வழியே யாரும் போகமாட்டார்கள். அந்தப் பயம் தெரிந்தவர்களுக்கு, முதல் உலகப் போரில், 1914 நவம்பர் 4 அன்று, கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் ஆங்கிலேயரின் இந்தியச் சிப்பாய்கள் பட்ட பாடு எளிதில் புரியும்.

ஜெர்மானியர் வசமிருந்த அந்தத் துறைமுகத்தைப் பிடிக்க பம்பாயிலிருந்து சுமார் 8,000 பேர் கப்பலேறினார்கள். 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 61ஆவது பயனியர் ஆகிய இரண்டும் சென்னை ராணுவத்தின் வழிவந்தவை. தமிழர் கணிசமாக இருந்தவை. கூடவே ராஜபுத்திரர், காஷ்மீர் ரைஃபிள்ஸ், லங்காஷயர் வெள்ளையர். ஆளுக்கொரு மொழி. எல்லோரும் சேர்ந்து ஒருநாள்கூடப் பயிற்சி செய்ததில்லை. கப்பல் ஆட்டத்தில் குடல் புரண்டு வாடியவர்களை, ஆசுவாசப்படுத்தாமலே தளபதி ஏட்கன் கரையிறக்கினார்.

குழப்பம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நவம்பர் 2 காலை ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. அதன் கேப்டன் காஃபீல்ட் ஜெர்மானிய அதிகாரி அவுராகரை அழைத்து, ஊரை ஒப்படைக்க ஒரு மணி நேரம் கெடு வைத்தார். கையோடு, துறைமுகத்தில் கண்ணிவெடி உண்டா என்றும் கேட்டார். உண்டு என்றார் அவுராகர். அவர் கரைக்குத் திரும்பியதும் ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்குக்குத் தந்தி பறந்தது. இல்லாத வெடிகளைத் தேடி ஆங்கிலேயர் பொழுதைப் போக்க, ஜெர்மானியப் படை ரயிலேறி வந்து சேர்ந்தது. மறுநாள் ராஜபுத்திரரும் பயனியர்களும் முன்னேறியபோது, ரயில்பாதைக்காக வெட்டிய பள்ளத்தையே பதுங்குகுழியாக்கிக்கொண்டு ஜெர்மானியரின் ஆப்பிரிக்க வீரர்களான அஸ்காரிகள் காத்திருந்தார்கள்.

நான்காம் தேதிதான் தேனீக்கள் வந்தன. அந்த ஊர்க்காரர்கள் மரக்கட்டையைக் குடைந்து, தேனீ வளர்ப்பதற்காகக் கிளைகளில் தொங்கவிடுவது வழக்கம். தோட்டாக்கள் அவற்றைத் துளைத்ததும் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. ஆங்கிலேயர் தரப்பின் 98ஆவது காலாட்படை சிதறி ஓடியது. ஜெர்மானியர் கூடுகளில் கயிறு கட்டித் தேனீக்களைக் கிளப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை உடனே கிளம்பி, பல ஆண்டுகள் உலவியது. உண்மையில் அவை ஜெர்மானியர் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை.

அன்று மாலை நடந்தது அதைவிட விசித்திரம். ஜெர்மானியர் பக்கம் ஊதிய கொம்பை ஆங்கில அதிகாரிகளில் ஒருவர் தாக்குதல் என்றார், மற்றவர் பின்வாங்கல் என்றார். ஜெர்மானிய வீரர்களோ முகாமுக்குத் திரும்பச் சொல்வதாக எண்ணி, ஊரைவிட்டே போய்விட்டார்கள். அந்த இரவு தாங்கா காலியாகக் கிடந்தது. லெட்டோ-ஃபோர்பெக் விஷயம் அறிந்து ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏட்கன் அதைக் கவனிக்கவே இல்லை. ஐந்தாம் தேதி படையைக் கப்பலேற்றத் தொடங்கினார். 800க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயம்பட்டோ இருந்தார்கள். கடற்கரையில் விட்டுச்சென்ற துப்பாக்கிகளும் தோட்டாக்களும் ஜெர்மானியரின் 3 கம்பெனிகளுக்குப் போதுமானவையாக இருந்தன.

பின்னாளில் இந்தப் போரை எழுதியவர்கள், பாளையங்கோட்டைப் படை முதல் வேட்டுக்கே கலைந்தது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது கலைந்தது உண்மை. ஆனால் இயந்திரத் துப்பாக்கியை எதிர்கொண்டு பழகாத, எதிரில் யார் எத்தனை பேர் என்றுகூடச் சொல்லப்படாத ஆட்களை அங்கே நிறுத்தியவர்களுக்குத்தான் பழியில் பெரும்பங்கு சேர வேண்டும். இந்தத் தோல்விக்குப் பின், கிழக்கு ஆப்பிரிக்காவில் போரை நடத்தும் பொறுப்பு இந்திய அரசிடமிருந்து லண்டன் போர் அலுவலகத்துக்கு மாறியது. ஏட்கனுக்கு அதன்பின் களத்தில் படைத் தலைமை தரப்படவில்லை.